தரை டிக்கெட்டும் ஒட்டுப்போட்ட ஷாட்டும்

1

பழைய தமிழ்ப் படங்களின் பின்னணியில் தெரியும் தியேட்டர்களை அடையாளம் காண்பது சென்னையில் ஒரு பொழுதுபோக்காகியிருக்கிறது. 'அட, பின்னாடி பாருப்பா, சஃபையர்!', 'இது ராஜகுமாரி தியேட்டர் இருந்த இடமாச்சே' என்கிற குரல்களை மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளின் கூடங்களில் கேட்கலாம். 2004 முதல் ஆகஸ்டு மாதங்களில் 'மெட்ராஸ் தினம்' கொண்டாட ஆரம்பித்த பிறகு இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது. இதன் கூடவே இன்னொரு விளையாட்டும் உண்டு. ரயில் வருவது, விமானம் இறங்குவது, கூட்டம் கலைந்து ஓடுவது என்று வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய துண்டுகளை 'இது ஸ்டாக் ஷாட்டுப்பா' என்று பிடித்துச் சிரிப்பது.

இரண்டையும் மத்தியதர வர்க்கத்தின் பழைய நினைப்பு என்று ஒதுக்கிவிடலாம். நம் விமர்சன மரபு பெரும்பாலும் அப்படித்தான் ஒதுக்கியிருக்கிறது. கதை யாருடையது, வசனம் எந்தக் கட்சியுடையது, பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்று படங்களை நிறையவே வாசித்திருக்கிறோம். அந்த வாசிப்புகள் அவசியமானவை. ஆனால் அவற்றில் பல, கதாநாயகனின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதவை. அவனைத் திட்டுவதற்காகவும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனுக்குப் பின்னால் இருந்த தெருவும், தெருவில் இருந்த கொட்டகையும், கொட்டகைக்கு முன்னால் நின்ற கூட்டமும் விமர்சகர்களுக்கும் வெறும் 'பின்னணி'யாகவே இருந்துவிட்டன.

மேற்சொன்ன இரண்டு விளையாட்டுகளும் ஒரே கேள்வியின் இரு முனைகள் என்பதே இங்கே முன்வைக்கப்படும் வாதம். தமிழ் சினிமாவில் எதைச் சேமிக்கிறோம், எதைக் கரையவிடுகிறோம் என்பது அந்தக் கேள்வி. நட்சத்திரத்தின் உடம்பு செத்த பிறகும் ஷாட் ஷாட்டாக எடுத்து ஒட்டப்பட்டு உலவிக்கொண்டிருக்கிறது. அந்த உடம்பைப் பார்க்கத் தரையில் உட்கார்ந்தவர்களின் இடமோ தடயமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

2

முதலில் வேலை முறையைப் பார்த்துவிடுவோம். தத்துவம் பேசுகிறவர்கள் இதைத் தவிர்ப்பது வழக்கம், அதனால்தான் முதலில்.

ஸ்டுடியோக் காலத்தில் கார் காட்சிகளைப் பெரும்பாலும் ஒரு வழியில்தான் எடுத்தார்கள். கேமராவை ஒரு வண்டியில் வைத்து மவுண்ட் ரோடிலோ கடற்கரைச் சாலையிலோ ஓட்டித் தெருவை மட்டும் படம் பிடித்துக்கொள்வார்கள். பிறகு ஸ்டுடியோவுக்குள் நிற்கிற காருக்குப் பின்னால் ஒரு திரையில் அந்தத் தெருவை ஓடவிட்டு, முன்னால் கதாநாயகனை ஸ்டியரிங் பிடிக்க வைப்பார்கள். பேக் புரொஜெக்‌ஷன் என்று இதற்குப் பெயர். ஒருதரம் எடுத்த தெரு ஸ்டுடியோவின் சரக்கு. அடுத்த படத்துக்கும் அதையே ஓட்டலாம். கதாநாயகன் மாறுவான், தெரு மாறாது.

அந்தத் தெரு எந்த வருஷத்துத் தெரு என்று கண்டுபிடிக்கச் சில குறிகள் உண்டு. மெட்ராஸில் டிராம் 1953 ஏப்ரலோடு நின்றுபோயிற்று. எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டது. ஜெமினி மேம்பாலம் 1973-ல் வந்தது. 1960-களில் எடுத்த ஒரு சமகாலக் கதையில் தெருவில் டிராம் போனால், அந்தத் துண்டு பழைய பெட்டியிலிருந்து வந்தது என்று பொருள். இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் பானர்களைப் படிக்க வேண்டும். பின்னால் ஒரு விநாடி தெரியும் பானர் எந்தப் படத்துடையது என்று தெரிந்துவிட்டால், அந்தப் படம் எந்தெந்தக் கொட்டகைகளில் ஓடியது என்பதை அன்றைய நாளேட்டு விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளலாம். தியேட்டரும் தெரியும், படம் பிடித்த மாதமும் ஏறக்குறையத் தெரியும்.

ஒட்டிய ஷாட்டைக் காட்டிக்கொடுப்பது வேதியியல். வேறொரு படத்தின் பாசிட்டிவிலிருந்து டூப் நெகட்டிவ் எடுத்துத்தான் பெரும்பாலும் ஒட்டுவார்கள். ஒவ்வொரு நகலிலும் கறுப்பு கனக்கும், நடுவிலுள்ள சாம்பல் நிறங்கள் செத்துப்போகும், துகள் பெருகும். பாட்டியின் பட்டுப்புடவையில் பேத்தியின் நைலான் துண்டை வைத்துத் தைத்தது மாதிரி, ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரியும்.

சில நேரம் ஒட்டு காதிலும் விழும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். அதே வருஷம் வெளியான 'காவல்காரன்' படத்தின் வேலை அந்தக் குண்டுக்கு முன்னும் பின்னுமாக நடந்தது. படத்துக்குள்ளேயே எம்.ஜி.ஆரின் குரல் மாறுகிறது. ஒரே கதாபாத்திரம், இரண்டு தொண்டைகள். கதைக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம் கதையின் மேல் தழும்பாகப் பதிந்துவிட்டது. இயக்குநர் சொல்ல நினைக்காத ஒன்றைப் படம் சொல்லிவிடுகிற இடம் இது.

வால்டர் பெஞ்சமின் 1930-களில் கேமராவைப் பற்றி எழுதும்போது, மனிதக் கண் கவனிக்காமல் விடுவதைக் கேமரா பதிந்துகொள்கிறது என்பதை வலியுறுத்தினார். தமிழ்ப் படங்களில் அப்படித் தற்செயலாகப் பதிந்ததில் முக்கியமானது நகரம். 1967-ல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் கிராமத்தானாக மெட்ராஸ் தெருக்களில் திரிந்து பாடுகிற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கே. பாலசந்தர் எடுக்க நினைத்தது நகரத்தைப் பற்றிய ஒரு நக்கல். இன்று பார்க்கிறபோது நக்கலை மீறி நம் முன்னால் நிற்பது, அந்தத் தெருக்களில் கேமராவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்துபோன, யாரென்று தெரியாத ஜனங்கள். சம்பளம் வாங்காத நடிகர்கள். டைட்டிலில் அவர்கள் பெயர் கிடையாது.

3

தியேட்டரை ஏன் இவ்வளவு தேட வேண்டும்? அது ஒரு கட்டடம்தானே?

கா. சிவத்தம்பி 1981-ல் தமிழ் சினிமா பற்றி எழுதிய நூலில் இதற்குப் பதில் இருக்கிறது. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலை இடம் சினிமாக் கொட்டகை என்றார். கோயிலுக்குள் யார் எதுவரை போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கொட்டகையில் எங்கே உட்காரலாம் என்பதைக் காசு தீர்மானித்தது. காசும் ஒரு வேலிதான், மறுப்பதற்கில்லை. தரை, பெஞ்ச், சேர், சோபா என்று படிநிலை இருக்கத்தான் செய்தது. பெண்களுக்குத் தனிப் பக்கம் இருந்தது. ஆனாலும் தரை டிக்கெட் வாங்கியவன்தான் திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தான். கோயிலில் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்பட்டானோ, கொட்டகையில் அவ்வளவு பக்கத்தில் இருந்தான். விசில் அடித்தான், பதில் பேசினான், பிடிக்காவிட்டால் கத்தினான். இதை ஒரு பொதுவெளி என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதிகாரத்துக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' 1939-ல் வெளிவந்தது. மறுவருஷம் பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்யப்போகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் படத்தை இலவசமாக ஓட்டினார்கள். கூட்டம் திரண்டது. போலீஸ் தடியடி நடத்தியது. 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய, சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் கொட்டகை அது. ஒரு படத்துக்காக ஜனங்கள் அடி வாங்கிய அந்த இடம் இன்று இல்லை.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1913-ல், வார்விக் மேஜர் மவுண்ட் ரோடில் ஆரம்பித்த எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் மட்டும் இன்றும் நிற்கிறது. இரண்டே வருஷத்தில் தியேட்டர் மூடப்பட்டு இடம் தபால் இலாகாவின் கைக்குப் போனதால் பிழைத்தது. இப்போது அங்கே தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு இருக்கிறது. தியேட்டராக இருப்பதை நிறுத்திக்கொண்டதால் தப்பித்த தியேட்டர் என்று சொல்லலாம்.

தெற்குப் பக்கம் வருவோம். மயிலாப்பூர் என்றதும் 'பாரம்பரியம்' என்ற பெயரில் நமக்கு எடுத்துத் தரப்படுவது கோபுரம், குளம், சபா, மெஸ். சபாக்களுக்கு ஆண்டு மலர் உண்டு, பொன்விழா மலர் உண்டு. எந்த வருஷம் எந்த வித்வான் எந்த ராகம் பாடினார் என்பதற்குக்கூடப் பதிவு உண்டு. அதே மயிலாப்பூரில் கபாலி என்று ஒரு தியேட்டர் இருந்தது, லஸ் பக்கம் காமதேனு இருந்தது. பூக்கட்டுகிறவர்கள், ரிக்‌ஷா ஓட்டியவர்கள், வீட்டு வேலை முடித்து மேட்னி ஷோவுக்கு ஓடிவந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்த இடங்கள் அவை. அவர்களுக்கு மலர் யார் போடுவது? கபாலி இடித்துத் தள்ளப்பட்டது. காமதேனு கல்யாண மண்டபமாயிற்று. அடையாறு ஈராஸும் தியேட்டராக இல்லை. எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோ இருந்த அடையாறு இடத்தில் இப்போது பெண்கள் கல்லூரி நடக்கிறது.

தி.நகரின் கதை இன்னும் கூர்மையானது. பாண்டி பஜாரில் இருந்த ராஜகுமாரி தியேட்டர் டி.ஆர். ராஜகுமாரிக்குச் சொந்தமானது. 1944-ல் வந்து பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த 'ஹரிதாஸ்' படத்தின் நாயகி அவர். 1948-ல் ஜெமினி வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் நாயகியும் அவரே. தஞ்சாவூர் இசைக்குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர். அந்தக் குடும்பங்களின் பெண்களைச் சீர்திருத்தமும் மேடையும் சேர்ந்து ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் சினிமாவில் சம்பாதித்த காசில் நகரத்தின் நடுவே தன் பெயரை எழுதி ஒரு கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார். 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதவில்லை. இன்று அது ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ். ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில், காருக்குப் பின்னால், அவுட் ஆஃப் ஃபோகஸில் அந்த முகப்பு தெரியுமானால், அது வெறும் 'பழைய மெட்ராஸ்' இல்லை. அது ஒரு பெண்ணின் சொத்துப் பத்திரம்.

மெட்ராஸ் தெருக்களில் பாடித் திரிந்த அதே நாகேஷ் பிற்பாடு தி.நகரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். அதுவும் கல்யாண மண்டபமாயிற்று. தியேட்டர் மண்டபமாவதும் கடையாவதும் ஏதோ விதி மாதிரி பேசப்படுகிறது. விதி ஒன்றுமில்லை, தரையின் விலை. தி.நகரில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு, மூன்று மணி நேரம் ஒருவன் சில காசுகளுக்குத் தரையில் உட்கார்ந்திருப்பதை நிலம் எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்ளும் என்றும் தெரியும். 1964-ல் மவுண்ட் ரோடில் திறந்த சஃபையர் வளாகத்தில் புளூ டயமண்ட் என்ற அரங்கில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். வேலை தேடி அலைந்தவர்களும் போக்கிடமில்லாத காதலர்களும் ஏ.சி.யில் ஒதுங்கினார்கள். அப்படி ஒரு இடத்தை இன்றைய மல்டிபிளெக்ஸ் நினைத்துக்கூடப் பார்க்காது. அசோக் நகர் உதயமும் 2024-ல் மூடப்பட்டது.

4

இனி ஒட்டுப்போட்ட ஷாட்டுக்கு வருவோம். பிறர் எடுத்த துண்டை எடுத்துப் பயன்படுத்துவது திருட்டு, சோம்பேறித்தனம், காசு மிச்சம் பிடிப்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். ஆனால் தமிழில் இந்த வேலைக்கு ஒரு பெருமைமிக்க தொடக்கம் உண்டு. ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துக்காக உலகம் சுற்றினார். முப்பது வருஷங்களில் ஏறக்குறைய நூறு கேமராக்காரர்கள் எடுத்திருந்த 50,000 அடி படச்சுருளைத் தேடிச் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்து 1940-ல் புரசைவாக்கம் ராக்ஸி தியேட்டரில் வெளியிட்டார். ரஷ்யாவில் எஸ்ஃபிர் ஷூப் 1927-ல் ஜார் குடும்பமே எடுத்துவைத்திருந்த படத்துண்டுகளையும் சேர்த்துத் தொகுத்து ஜார் ஆட்சியின் வீழ்ச்சியைச் சொன்னார். செட்டியார் செய்தது அந்த வரிசையில் வைக்க வேண்டிய காரியம். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பெட்டிகளில் கிடந்த காந்தியை எடுத்து வந்து, காலனி ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, தமிழ் விளக்கவுரையோடு கொட்டகையில் காட்டினார். பின்னால் அந்தப் படமே காணாமல் போயிற்று. 1953-ல் அமெரிக்காவில் தயாரான ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்றை சான் பிரான்சிஸ்கோவில் ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டெடுத்தார். 50,000 அடியைத் தேடித் தொகுத்தவரின் படத்தையே மறுபடி ஒருவர் தேடவேண்டி வந்தது.

இதற்கு எதிர்முனையில் இருக்கிறது 'அவசர போலீஸ் 100'. 1977-ல் ஸ்ரீதர் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்துக்கொண்டிருந்த 'அண்ணா நீ என் தெய்வம்', அவர் முதலமைச்சரானதால் பாதியில் நின்றது. அந்தச் சுருள்களைச் சேர்த்து பாக்யராஜ் 1990-ல் ஒரு புதுக்கதைக்குள் வைத்துத் தைத்தார். ஒட்டுப்போட்ட இடத்தில் பதின்மூன்று வருஷ இடைவெளி. தையல் வேலை என்ற அளவில் அது கெட்டிக்காரத்தனமானது, ஜனங்கள் ரசித்துப் பார்த்தார்கள். ஆனால் சூழலைக் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்துவிட்டார். கட்சி உடைந்து மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது. பாக்யராஜைத் தன் கலையுலக வாரிசு என்று எம்.ஜி.ஆர். சொல்லியிருந்தார். 1989-ல் எம்.ஜி.ஆர். பெயரிலேயே ஒரு கட்சியையும் பாக்யராஜ் ஆரம்பித்திருந்தார். இந்தப் பின்புலத்தில் பழைய ஷாட் வெறும் ஷாட் அல்ல, வாரிசுச் சான்றிதழ். 1991-ல் ஜேப்பியார் எடுத்த 'நல்லதை நாடு கேட்கும்' படமும் எம்.ஜி.ஆரின் முடியாத சுருள்களை இதே மாதிரி பயன்படுத்தியது.

இதற்கும் வேர் 1967-ல் இருக்கிறது. கழுத்தில் கட்டோடு கைகூப்பிய எம்.ஜி.ஆரின் படம் அந்தத் தேர்தலில் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. ஆஸ்பத்திரிப் புகைப்படம் ஓட்டுச் சீட்டின் முகமாயிற்று. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் வெளியான நூலில் இந்தப் பிம்பம் அடித்தட்டு மக்களின் சம்மதத்தை எப்படிச் சம்பாதித்தது என்று ஆராய்ந்தார். அதோடு சேர்த்துச் சொல்ல ஒன்று உண்டு. பிம்பத்துக்கு நெகட்டிவ் இருக்கிறது, நெகட்டிவுக்கு உரிமையாளர் இருக்கிறார். பிம்பத்துக்குச் சம்மதம் தந்தவர்களுக்கு அதில் ஒரு அடிச் சுருள்கூட உரிமை கிடையாது.

எதை ஒட்டலாம் என்பதைவிட எதை ஒட்டக்கூடாது என்பதில் அதிகாரம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1995-ல் வெளிவந்த 'பம்பாய்' படத்தில் பாபர் மசூதி இடிப்பு செய்தித்தாள் தலைப்புகளாகத்தான் வருகிறது. இடிப்புக் காட்சிக்குத் தணிக்கை இடம் தரவில்லை. அந்த இடிப்பின் வீடியோத் துண்டுகள் நாடெங்கும் பார்க்கப்பட்டவை. ஆனால் ஒரு கதைப்படத்துக்குள், கொட்டகையின் இருட்டில், பல சாதி பல மதத்து ஜனங்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அவற்றைப் பார்க்கக்கூடாது என்றார்கள். அந்தப் படத்தின் அரசியலோடு நமக்குச் சண்டை உண்டு, அது வேறு விஷயம். சேர்ந்து பார்ப்பது என்கிற காரியத்தின் மேல் அரசுக்கு இருக்கிற பயம், 1940-ல் கெயிட்டி வாசலில் இருந்த அதே பயம்தான்.

5

இப்போது தையலே தெரியாத காலம் வந்திருக்கிறது. 2024-ல் வெளிவந்த படம் ஒன்றில் இறந்துபோன விஜயகாந்த் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு நடித்தார். அதே வருஷம் இறந்த பாடகர்கள் இருவரின் குரலில் புதுப்பாட்டு வந்தது. குடும்பத்தாரின் அனுமதி பெற்று, பணமும் கொடுத்துச் செய்ததாக இசையமைப்பாளர் சொன்னார். நல்லதுதான். இறந்த தலைவர்கள் கட்சி மேடைகளில் புதிதாகப் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். 'காவல்காரன்' குரலில் நாம் கேட்ட தழும்பு இனி கேட்காது. டூப் நெகட்டிவின் கனத்த கறுப்பு இனி காட்டிக்கொடுக்காது. ஒட்டைக் கண்டுபிடிக்கும் கண் இதுவரை விளையாட்டுக்கு உதவியது. இனி அது அரசியல் தற்காப்பு.

பழைய படங்களைப் புதுப்பிக்கிற வேலையையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 2012-ல் 'கர்ணன்' டிஜிட்டலில் திரும்பி வந்து நூறு நாளைத் தாண்டியது. பழைய ரசிகர்களும் புதுப் பையன்களும் சேர்ந்து விசிலடித்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஏறக்குறையச் சதுரமாக எடுத்த படத்தை அகலத்திரைக்காக நீட்டும்போது மேலேயும் கீழேயும் வெட்டு விழுகிறது. வெட்டுகிறவர் நாயகனின் முகத்தைப் பத்திரமாக நடுவில் வைத்துக்கொண்டு மீதியை வெட்டுவார். சமூகப் படங்களில் அந்த மீதியில்தான் பானர் இருக்கும், கொட்டகை முகப்பு இருக்கும், திரும்பிப் பார்க்கிற ஜனம் இருக்கும். கீறலைத் துடைக்கிறோம் என்ற பெயரில் சாட்சிகளையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம்.

ஏற்கெனவே இழந்தது கொஞ்சமல்ல. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதில் ஒரு அடிகூட மிச்சமில்லை. 1931-ல் வந்த முதல் பேசும் படம் 'காளிதாஸ்' போய்விட்டது. பழைய சுருள்களை வெள்ளிக்காகக் கரைத்த நாடு இது. 1964-ல் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் இருக்கிறது. 2003-ல் அங்கே ஏற்பட்ட தீயில் பழைய நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. சினிமாவிலிருந்து முதலமைச்சர்களை எடுத்த சென்னையில், பொதுமக்கள் போய்ப் பார்க்கிற மாதிரி சினிமாவுக்கென்று ஒரு முழுமையான பொதுக் காப்பகத்தை எந்த ஆட்சியும் அமைக்கவில்லை. சினிமாவால் அடைந்ததை எல்லாம் அடைந்தாயிற்று, சினிமாவைச் சேமிக்க மட்டும் நேரமில்லை.

அதனால் தியேட்டரை அடையாளம் காண்கிற வேலையை 'ஏக்கம்' என்று தள்ளிவிடாமல் நாமே எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வேறுவிதமாக. 'அட, சஃபையர்!' என்பதோடு நிறுத்தக்கூடாது. அந்த இடம் யாருடையது, டிக்கெட் என்ன விலை, தரையில் யார் உட்கார்ந்தார்கள், எந்த வருஷம் யார் கைக்குப் போயிற்று, ஆபரேட்டரும் டிக்கெட் கிழித்தவரும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டும். கபாலியிலும் காமதேனுவிலும் ராஜகுமாரியிலும் வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். அவர்கள் பேச்சைப் பதிவுசெய்ய பெரிய பணம் வேண்டாம். ஒட்டுப்போட்ட ஷாட்டிலும் அப்படித்தான். சிரித்துவிட்டுப் போகாமல் அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, யாருக்குக் காசு போயிற்று, எதை மறைக்க ஒட்டினார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

திரைக்கு மிக அருகில் உட்கார்ந்தவர்கள் கழுத்தை நிமிர்த்தித்தான் படம் பார்த்தார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நாயகன் பிரம்மாண்டமாகத்தான் தெரிவான். அவன் தோளுக்கு மேலே, காருக்குப் பின்னால், தங்கள் தெருவும் தாங்கள் உட்கார்ந்திருந்த அதே கொட்டகையும் ஒரு விநாடி ஓடியபோது அவர்கள் நிச்சயம் கவனித்திருப்பார்கள். விமர்சகர்கள்தான் இன்னும் கவனிக்கவில்லை.